காத்திருக்கும் நேரத்தில் நாலு வரிசை

துணைப்பாட நிலையத்தின் வாசலில் போட்டிருக்கும் நாற்காலிகளைக் கவனித்திருக்கிறீர்களா? சனிக்கிழமை காலையில் அவற்றில் ஒன்றுகூடக் காலியாக இருக்காது. உள்ளே பிள்ளை பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். வெளியே அம்மாவோ அப்பாவோ கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருப்பார். அங்கிருந்து நீச்சல் வகுப்பு. அங்கும் ஒரு பெஞ்சு, அங்கும் அதே கைப்பேசி. வாரநாளில் பலதுறை மருந்தகத்தில் வரிசை எண்ணுக்காகக் காத்திருப்பு. மாலையில் பிரஷர் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்வரை அடுப்படியில் நிற்பது. குளியலறையிலிருந்து சின்னவன் எப்போது வெளியே வருவான் என்று கதவருகே ஒரு காவல்.

ஒரு வாரம் இவற்றையெல்லாம் ஒரு தாளில் குறித்துக் கூட்டிப் பார்த்தேன். ரயில் பயணத்தைச் சேர்க்காமலே ஆறு மணி நேரத்துக்கு மேல் வந்தது. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் இது ஒன்றும் அதிசயமில்லை. உங்கள் வீட்டில் இதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஆறு மணி நேரமும் ஒரே துண்டாகக் கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று சில்லறையாகவே கிடைக்கிறது. அந்தச் சில்லறையில் ஒரு புத்தகம் படிக்கலாம் என்றால் இரண்டு பக்கம் போவதற்குள் யாராவது கூப்பிடுகிறார்கள்.

பின்னல் வேலைக்கு இந்தச் சில்லறை நேரம் பொருந்தும். அதற்கு முதல் நிபந்தனை, எதைப் பின்னுவது என்று சரியாகத் தேர்ந்தெடுப்பது.

ஸ்வெட்டர் வேண்டாம்

பின்னல் என்றதும் பலர் நினைப்பது ஸ்வெட்டரை. சிங்கப்பூரின் வெயிலுக்கு அது எதற்கு என்ற கேள்வியை விடுங்கள். அலுவலகக் குளிர்சாதனத்துக்கு உதவும் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் ஸ்வெட்டர் மாதக்கணக்கில் இழுக்கும். முன்புறம், பின்புறம், இரண்டு கைகள் என்று ஒவ்வொன்றுக்கும் அளவு, கணக்கு. கைப்பையில் அடங்காது. நடுவில் இரண்டு வாரம் விட்டுவிட்டால் எங்கே நிறுத்தினோம் என்பதே மறந்துவிடும். அலமாரியில் பாதியில் நிற்கும் ஸ்வெட்டர் ஒன்று, ஆசையாகத் தொடங்கிய பலரை இந்தப் பக்கமே வராமல் செய்திருக்கிறது.

நான் எல்லாருக்கும் முதலில் சொல்வது பாத்திரம் துடைக்கும் துணியைத்தான். கேட்டவுடன் சிலருக்குச் சப்பென்று இருக்கும். முதலில் கணக்கைப் பாருங்கள். மூலையிலிருந்து மூலைக்குச் சாய்வாகப் பின்னும் பழைய முறை ஒன்று உண்டு. ஊசியில் 4 கண்ணிகளை ஏற்றி ஒரு வரிசை நிட் போடவேண்டும். அடுத்த வரிசையிலிருந்து, முதல் 2 கண்ணிகளை நிட் போட்டு, நூலை ஊசியின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, மீதியை நிட் போட்டு முடிக்கவேண்டும். வரிசைக்கு ஒரு கண்ணி கூடும். 44 கண்ணிகள் ஆனதும் குறைக்கத் தொடங்க வேண்டும்: 1 நிட், அடுத்த 2 கண்ணிகளைச் சேர்த்து ஒரு நிட், நூலை ஒரு சுற்று, மறுபடி 2 கண்ணிகளைச் சேர்த்து ஒரு நிட், மீதியெல்லாம் நிட். இப்போது வரிசைக்கு ஒரு கண்ணி குறையும். மீண்டும் 4 கண்ணிகள் ஆனதும் முடித்துவிடலாம். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான சதுரம் கையில் இருக்கும், நான்கு பக்கமும் சிறு துளைகளுடன் கரை கட்டியதுபோல.

ஏறும்போது 40 வரிசை, இறங்கும்போது 40 வரிசை. மொத்தம் ஏறக்குறைய 1,900 கண்ணிகள். புதிதாகக் கற்றுக்கொண்டவர் நிமிடத்துக்கு 15 கண்ணிகள் போட்டாலும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். கால் மணி நேரமாகப் பார்த்தால் எட்டு அல்லது ஒன்பது காத்திருப்புகள். திங்கட்கிழமை தொடங்கினால் சனிக்கிழமை துணைப்பாடத்துக்குள் முடிந்துவிடும்.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது வேறொன்று. வரிசையை எண்ணத் தேவையில்லை. எப்போது எடுத்தாலும் ஊசியில் உள்ள கண்ணிகளைப் பார்த்தாலே எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். “அம்மா, என் காலுறை எங்கே?” என்ற குரல் கேட்டு எழுந்து போய், அப்படியே பள்ளிப் பையையும் தேடிக்கொடுத்து, இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தாலும் துணி அப்படியேதான் இருக்கும்.

இரண்டு ஊசியா, ஒரு கொக்கியா?

நிட்டிங் என்பது இரண்டு ஊசிகளால் பின்னுவது; குரோஷே ஒரே ஒரு கொக்கி ஊசியால் பின்னுவது. அந்தக் காலத்தில் நம் வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் வெள்ளையாக விரித்திருந்தார்களே, அது குரோஷே.

காத்திருக்கும் நேரத்துக்கு எது வசதி என்று கேட்டால், ஒரு வித்தியாசம் மட்டும் தெரிந்தால் போதும். நிட்டிங்கில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஊசியின்மேல் திறந்தே இருக்கும். ஊசி உருவிக்கொண்டால் எல்லாம் அவிழப் பார்க்கும். ஆகவே ஒரு வரிசையை முடித்துவிட்டு எழுவது நல்லது. குரோஷேயில் எந்த நேரத்திலும் ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். அதில் ஒரு ஊக்கைக் குத்திவிட்டு ரயிலிலிருந்து இறங்கிவிடலாம். தெம்பனிசிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரை ஏறக்குறைய அரை மணி நேரம். உட்கார இடம் கிடைத்த நாளில் கிரானி சதுரம் ஒன்று, பெரும்பாலும் முடிந்துவிடும். ரயிலில் சாப்பிட்டால் 500 வெள்ளி அபராதம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பின்னுவதற்கு எதுவும் எழுதி வைக்கவில்லை.

ரயிலில் நிட்டிங்தான் செய்வேன் என்பவர்கள் வட்ட ஊசி வாங்கிக்கொள்ளலாம். இரண்டு குட்டையான ஊசி முனைகளை நைலான் கயிறு ஒன்று இணைத்திருக்கும். பக்கத்தில் இருப்பவரின் விலாவில் இடிக்காது; ஒரு ஊசி கீழே விழுந்து இருக்கைக்கு அடியில் உருண்டு போகும் சங்கடமும் இல்லை. பெயர்தான் வட்ட ஊசி, நேரான துணியையும் அதில் பின்னலாம்.

இளையர்களிடையே இப்போது பிரபலமாக இருப்பது அமிகுருமி. ஜப்பானிலிருந்து வந்த குட்டிக் குட்டிப் பொம்மைகள். அழகுதான், ஆனால் சுற்றுக்குச் சுற்று எண்ணிக்கை தவறக்கூடாது. எண்ணிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒருவர் பேச்சுக் கொடுத்தால் கரடிக்குத் தலை கோணிவிடும். அதை இரவில், வீடு அடங்கிய பிறகு வைத்துக்கொள்வது மேல்.

நூலைப் பொறுத்தவரை நம் ஊருக்குப் பருத்தி. கம்பளி கையில் வியர்க்கும். பெட்டியில் வைத்தால் பூச்சியும் அரிக்கலாம். மலிவாகக் கிடைக்கும் அக்ரிலிக் நூல் பொம்மைக்கும் போர்வைக்கும் சரி. ஆனால் அதில் சூடான பாத்திரம் பிடிக்கும் துணியைப் பின்னாதீர்கள். அக்ரிலிக் ஒருவகை பிளாஸ்டிக். அதிகச் சூட்டில் உருகும். பருத்தியில் ஒரு குறை, அது இழுபடாது. தொடர்ந்து பின்னினால் விரல் வலிக்கும். மூங்கில் ஊசி வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் என்பதால் தொடங்குபவருக்கு உலோக ஊசியைவிட அதுவே எளிது. 4 மில்லிமீட்டர் ஊசி ஒரு சோடி, 50 கிராம் பருத்தி நூல் ஒரு உருண்டை, இவ்வளவுதான் முதலீடு. சைனாடவுனில் பீப்பிள்ஸ் பார்க் சென்டர் பக்கம் போனால் நூல் கடையிலேயே மணிக்கணக்கில் நின்றுவிடுவீர்கள். அந்த நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியாது.

காது வீட்டில் இருக்கிறது

கைப்பேசியைப் பார்ப்பது குற்றம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானும் பார்க்கிறேன். ஆனால் வீட்டுக்குள் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை என் மகள்தான் முதலில் சொன்னாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. எதிரே உட்கார்ந்து “ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?” என்று கேட்டால் “ஒண்ணுமில்ல” என்ற ஒரே பதில். அந்த வயதுப் பிள்ளைகள் உள்ள எல்லா வீட்டிலும் கேட்கும் பதில்தான். நான் சோபாவில் கண்ணைக் கீழே வைத்துப் பின்னிக்கொண்டிருக்கும்போது அவளே வந்து பக்கத்தில் உட்கார்கிறாள். நூல் உருண்டையை உருட்டுகிறாள். ஐந்து நிமிடம் கழித்து, யாரோ ஒரு தோழியைப் பற்றிச் சொல்வதுபோல் ஏதோ தொடங்குகிறது. பாதிப் பேச்சில்தான் அது தோழியின் கதையல்ல என்று எனக்குப் புரிகிறது. நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த கண்ணியைப் போடுகிறேன். நிமிர்ந்தால் பேச்சு நின்றுவிடும்.

“நீங்க போன் பார்த்தா காது கேக்காதும்மா. இது பண்ணும்போது கேக்குது” என்றாள் ஒருநாள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இன்னொரு பலனும் உண்டு, சொன்னால் சிரிப்பீர்கள். அம்மா சும்மா உட்கார்ந்திருந்தால் வீட்டில் யாருக்கும் பொறுக்காது. தண்ணீர் வேண்டும், சார்ஜர் வேண்டும், கையெழுத்து வேண்டும். கையில் ஊசி இருந்தால் “இந்த வரிசை முடியட்டும்” என்று சொல்ல ஒரு நியாயம் கிடைக்கிறது. 44 கண்ணி வரிசை என்றால் இரண்டு, மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் பாதித் தேவைகள் தாமாகவே நிறைவேறிவிடுகின்றன. தொடக்கநிலை நான்கில் படிக்கும் சின்னவன் இப்போது தண்ணீரை அவனே எடுத்துக் குடிக்கிறான்.

அவனும் பின்னுகிறான். ஆண்பிள்ளை ஊசி பிடிப்பதா என்று உறவினர் ஒருவர் கேட்டார். தோக்கியோ ஒலிம்பிக் நீரில் குதிக்கும் போட்டியின்போது பார்வையாளர் இருக்கையில் அமர்ந்து பின்னிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் வீரர் டாம் டேலியின் படத்தைக் காட்டினேன். 2021ல் நடந்த அந்தப் போட்டியில் தங்கம் வென்றவர் அவர். பதக்கத்தில் கீறல் விழாமலிருக்க அதற்கும் ஒரு சிறு பை பின்னிப் போட்டார். சின்னவனுக்கு அந்தப் பைதான் பிடித்துப்போனது. தன் ஈசிலிங்க் அட்டைக்கு அப்படி ஒன்று வேண்டுமென்று மூன்று வாரமாகப் போராடிக்கொண்டிருக்கிறான்.

“யாருக்கும்மா இது?”

என் அம்மா ஈப்போவில் கான்வென்ட் பள்ளியில் படித்தவர். அறுபதுகளில் அங்கே பெண்பிள்ளைகளுக்குத் தையலும் பின்னலும் பாடமாகவே இருந்தன. திருமணமாகி வந்த பிறகு அவர் ஊசியைத் தொட்டு நாங்கள் பார்த்ததில்லை. பூத்தொடுப்பார், ஒயர்கூடை பின்னுவார். ஒயர்கூடை ஒரு காலத்தில் நம் பெண்கள் எல்லாரும் மாலை நேரத்தில் வாசலில் உட்கார்ந்து செய்த வேலைதானே. சில்லறை நேரத்தில் கைவேலை என்பதை நாம் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

மூன்று ஆண்டுகளாக அம்மாவுக்கு நினைவு குறைந்துவருகிறது. எங்களுடன்தான் இருக்கிறார். மாலை ஆறு மணி ஆனால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. வீட்டுக்குப் போகவேண்டும் என்பார், இது வீடு இல்லை என்பார். கதவைத் திறக்கப் பார்ப்பார். முதுமை மறதி உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு இந்த ஆறு மணி நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஒருநாள் அப்படி நடந்துகொண்டிருந்தபோது என் ஊசியைப் பார்த்து நின்றார். கையை நீட்டினார். கொடுத்தேன். இரண்டு முறை தடுமாறி, பிறகு விரல்கள் தாமாகவே போயின. என்னைவிட வேகமாக. நிட் ஒரு வரிசை, பர்ல் ஒரு வரிசை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பேத்தியின் பெயரை மறந்தவர் அறுபது ஆண்டுக்கு முந்தைய பாடத்தை மறக்கவில்லை. கை பழகிய வேலை, பெயர்களும் நிகழ்ச்சிகளும் தங்கும் நினைவிலிருந்து வேறாகச் சேமிக்கப்படுகிறது, பெரும்பாலும் அது பின்னால்தான் போகும் என்று மருத்துவர் விளக்கினார். எல்லாருக்கும் இப்படி அமையும் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

இப்போது ஐந்தே முக்காலுக்கு அவர் மடியில் ஊசியை வைத்துவிடுகிறோம். முனை மழுங்கிய தடித்த மூங்கில் ஊசி, பளிச்சென்ற ஒரே நிற நூல், கறுப்பு வேண்டாம், கண்ணி தெரியாது. ஒவ்வொரு மாலையும் “யாருக்கும்மா இது?” என்று கேட்கிறார். சில நாள் சின்னவனுக்கு என்கிறோம், சில நாள் உங்களுக்குத்தான் என்கிறோம். தலையாட்டிவிட்டுத் தொடர்கிறார். எல்லா நாளும் இது பலிப்பதில்லை. ஊசியைத் தூக்கி எறிந்த மாலைகளும் உண்டு. வாரத்தில் நான்கு மாலைகள் அமைதியாகப் போனால் எங்களுக்கு அது பெரிய வரவு.

அது எதுவாகவும் ஆகப்போவதில்லை. கழுத்துத்துண்டுபோல் நீண்டுகொண்டே போகிறது, நடுவில் கண்ணிகள் விழுந்து அகலம் கூடிக் குறைகிறது. ஊரிலிருந்து வந்த தம்பி, “ராத்திரி அவங்க தூங்கினதும் பிரிச்சு வச்சிடுக்கா, மறுநாள் அதே நூல் ஆகும்ல?” என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை, எப்படியும் அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு உருண்டை நூல் சில வெள்ளிதான். இப்போது அது அம்மாவின் உயரத்தைத் தாண்டிவிட்டது. மடித்து அவர் தலைமாட்டில் வைத்திருக்கிறோம்.

இன்னொரு வேலையாக்கிவிடாதீர்கள்

ஸ்காட்லாந்தின் வடக்கே ஷெட்லண்ட் தீவுகளில் முதுகில் எரிகரிக் கூடையைச் சுமந்தபடி, நடந்துகொண்டே பின்னும் பெண்களின் பழைய படங்கள் உண்டு. பார்க்க அழகாக இருக்கும். அவர்கள் பொழுதுபோக்குக்காகப் பின்னவில்லை, பிழைப்புக்காகப் பின்னினார்கள். பின்னிக் கொடுத்ததற்கு வியாபாரிகள் காசு கொடுக்காமல் தேயிலையும் துணியுமாகக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். 1872ல் இதை விசாரிக்க ஓர் ஆணையமே போட வேண்டியிருந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னத் தொடங்கிய சில மாதங்களில் உங்களிடமும் வந்து கேட்பார்கள். “அழகா இருக்கே, என் அக்கா குழந்தைக்கு ஒண்ணு பண்ணித் தாங்களேன், காசு கொடுத்துடறேன்.” அலுவலகத்தில் ஒருவர், கோயிலில் ஒருவர். இரண்டு மணி நேரத்தில் முடியும் துணிக்கு நேரக் கணக்கில் விலை போட்டால் யாரும் வாங்கமாட்டார்கள். குறைத்துப் போட்டால் உங்கள் ஓய்வு நேரத்தை நீங்களே தள்ளுபடியில் விற்கிறீர்கள். தீபாவளிக்குள் பன்னிரண்டு வேண்டும் என்று கெடு வந்துவிட்டால் துணைப்பாட நாற்காலியும் அலுவலக நாற்காலியாகிவிடும். விருப்பப்பட்டவருக்கு விருப்பப்பட்டபோது கொடுங்கள். மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்க முன்வாருங்கள். பாதிப் பேர் அத்தோடு விட்டுவிடுவார்கள்.

சும்மா இருக்கும் நேரத்தையெல்லாம் நிரப்பியாக வேண்டும் என்பதும் இல்லை. சில நாள் நீச்சல் குளத்தருகே உட்கார்ந்து பிள்ளை நீந்துவதைப் பார்ப்பதே போதும்.

சிறு துண்டுகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு சான்று உண்டு. 1942ல் ஜப்பானியர் சாங்கிச் சிறையில் அடைத்த பெண்கள் ஆளுக்கு ஆறு அங்குலச் சதுரம் ஒன்றில் பூத்தையல் போட்டார்கள். கனடாவைச் சேர்ந்த எத்தல் மல்வானி என்பவர் இதை முன்னின்று நடத்தினார். ஒரு போர்வைக்கு 66 சதுரங்கள். மருத்துவமனையில் இருக்கும் காயம்பட்டவர்களுக்கு என்று சொல்லி அனுப்பினார்கள். பல சதுரங்களில் தைத்தவரின் பெயர் இருந்தது. வேறிடத்தில் அடைபட்டிருந்த கணவர், மனைவி உயிரோடு இருக்கிறாள் என்பதைத் தெரிந்துகொள்ள அதுவே வழி. பின்னல் இல்லை, தையல்தான். ஆனால் கிரானி சதுரம் பின்னும்போதெல்லாம் எனக்கு அந்த 66 நினைவுக்கு வரும்.

பையில் என்ன இருக்கவேண்டும்?

பென்சில் பை அளவில் ஜிப் வைத்த பை ஒன்று. அதில் ஒரே ஒரு வேலை. இரண்டு வேண்டாம், எதை எடுப்பது என்று யோசிப்பதிலேயே பத்து நிமிடம் போய்விடும். மூடியுள்ள சிறு கத்தரி, இரண்டு ஊக்கு, நூல் முனையைச் செருகப் பெரிய காது உள்ள ஒரு மழுங்கிய ஊசி. நூலை உருண்டையின் உள்ளேயிருந்து இழுத்துப் பயன்படுத்தினால் அது பையிலிருந்து குதித்து ஓடாது. பை வாசல் கதவருகே, சாவி மாட்டும் இடத்தில் இருக்கட்டும். அலமாரிக்குள் போனால் மறந்துவிடும்.

ஒவ்வொரு துண்டையும் முடித்த அன்றே நூல் முனைகளைச் செருகிவிடுங்கள். ஐம்பது சதுரம் சேர்ந்த பிறகு நூறு முனைகளைச் செருக யாருக்கும் பொறுமை இருக்காது. மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை விரல்களை விரித்து மடக்குவது நல்லது.

குழந்தைக்குத் தொப்பி பின்ன ஆசைப்படுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பிறந்த சில நாட்களுக்கு மருத்துவமனையில் தொப்பி போடுவார்கள். ஆனால் வீட்டில் தூங்கும் குழந்தைக்குத் தொப்பி வேண்டாம், உடல் சூடேறிவிடும். குறைமாதக் குழந்தைகளுக்காக மருத்துவமனைக்குக் கொடுக்க நினைத்தால், எந்த நூல், என்ன அளவு, இப்போது தேவை இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொண்டு பின்னுங்கள். பாத்திரம் துடைக்கும் துணிக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. சலவை இயந்திரத்தில் மற்ற துணியோடு போடலாம்; முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கும், அடர் நிறம் என்றால் சாயமும் கொஞ்சம் போகும். வெள்ளைப் பள்ளிச் சட்டையோடு மட்டும் சேர்க்காதீர்கள்.